பிள்ளைக்குத் தெரிந்த விசயத்தில் தெரியாத ஆங்கிலம்



சாதாரண தரப் பெறுபேறு வரும் ஒவ்வொரு முறையும் ஊரில் ஒரு கேள்வி சுற்றி வரும். "மற்றப் பாடமெல்லாம் பாஸ், இங்கிலிஷ் மட்டும் ஏன் இப்படி?" வீட்டில் உம்மாமார் கேட்பார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் பெரியவர்கள் கேட்பார்கள். பதிலும் கூடவே வரும். பிள்ளை படிக்கவில்லை. அல்லது டீச்சர் ஒழுங்காகப் படிப்பிக்கவில்லை. அல்லது இன்னொரு டியூஷனில் சேர்க்க வேண்டும்.

ஆங்கிலம் கற்பிக்கும் நாங்கள் இந்த மூன்றையும் மறுக்க வரவில்லை. ஆனால் நான்காவதாக ஒரு காரணம் இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. பிள்ளைகள் ஆங்கிலம் பழகுவதற்காக நாம் அவர்கள் கையில் கொடுக்கும் பந்திகள் எதைப் பற்றியவை என்பதே அது.

டியூஷன் வகுப்புகளில் கொடுக்கப்படும் பயிற்சித்தாள்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை இணையத்தில் இருந்து இறக்கி அப்படியே அச்சடித்தவை. ஒன்றில் பனி பெய்கிறது, பிள்ளைகள் பனி மனிதன் செய்கிறார்கள். இன்னொன்றில் நன்றி நவிலல் நாளுக்கு வான்கோழி சமைக்கிறார்கள். மற்றொன்றில் ஐஸ் ஹொக்கி. இவற்றில் எந்தக் குற்றமும் இல்லை. ஒரு நாள் அவற்றையும் நம் பிள்ளைகள் வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் தரம் 8 படிக்கும் பிள்ளை, கூட்டிப் பிடித்து எழுத்து வாசிக்கும் நிலையில் இருக்கும்போது, அவன் தலையில் ஒரே நேரத்தில் இரண்டு சுமை ஏறுகிறது. ஆங்கிலமும் தெரியாது, விசயமும் தெரியாது. வான்கோழியைத் தேடுவதா, வினைச்சொல்லைத் தேடுவதா? இரண்டையும் விட்டுவிட்டுப் பக்கத்துக் கொப்பியைப் பார்க்கிறான்.

இது எங்கள் ஊகம் மட்டுமல்ல. 1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் டோனா ரெக்ட், லோரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். கல்வி உலகில் இன்றும் பேசப்படும் ஆய்வு அது. 64 மாணவர்களுக்கு பேஸ்போல் ஆட்டமொன்றைப் பற்றிய பந்தி கொடுக்கப்பட்டது. வாசித்த பின், ஒரு சிறிய மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்தி ஆட்டத்தில் என்ன நடந்தது என்று காட்ட வேண்டும், பிறகு சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். வாசிப்பில் கெட்டிக்காரர்கள், வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று இரு சாராரும் இருந்தார்கள். இரு சாராரிலும் பேஸ்போல் நன்றாகத் தெரிந்தவர்களும் இருந்தார்கள், அவ்வளவாகத் தெரியாதவர்களும் இருந்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் பேஸ்போல் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் பேஸ்போல் தெரியாத பிள்ளைகளை விட நன்றாக விளங்கியிருந்தார்கள்.

எங்கள் ஊருக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். "இவனுக்கு இங்கிலிஷ் ஒரு சொல்லும் வராது" என்று நாம் முடிவுகட்டிய பையன், பின்னேரம் மைதானத்தில் நின்று என்ன பேசுகிறான்? ஓவர், நோ போல், ரன் அவுட், கோட் பிஹைன்ட், ஓவர் த விக்கெட், அரவுண்ட் த விக்கெட். ஆங்கில இலக்கணத்தில் எங்களை மிகவும் பாடுபடுத்தும் பகுதி முன்னிடைச்சொற்கள். பிஹைன்ட், ஓவர், அரவுண்ட், பிட்வீன், த்ரூ, பிபோர். எத்தனை முறை வெண்பலகையில் பெட்டி வரைந்து, பெட்டிக்கு மேலே பந்து, கீழே பந்து என்று காட்டுகிறோம்! அந்தப் பையனுக்கு அவை ஏற்கனவே தெரியும். எல்.பி.டபிள்யூ. என்று கத்தும்போது லெக் பிபோர் விக்கெட் என்கிறான். அந்த "பிபோர்" நேரத்தைக் குறிக்கவில்லை, இடத்தைக் குறிக்கிறது என்பது அவன் காலுக்கே தெரியும். அவனுக்குத் தெரியும் என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

செயப்பாட்டு வினைக்கு, அதாவது பெசிவ் வொய்ஸுக்கு, வருவோம். சாதாரண தர மாணவர்கள் பலர் அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுழிப்பார்கள். விதியை மனப்பாடம் செய்வார்கள். எழுவாயைப் பின்னுக்குத் தள்ளு, செயப்படுபொருளை முன்னுக்கு எடு, வினையின் மூன்றாம் வடிவம் போடு. ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் தெரியாது. கிரிக்கெட் புள்ளி அட்டையைக் கையில் கொடுங்கள். அதில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய "சி", "பி" எழுத்துகள் என்ன? கோட் பை, போல்ட் பை. முழு அட்டையும் செயப்பாட்டு வினைதான். 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் முரளிதரன் தனது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். இந்தியாவின் பிரக்யான் ஓஜா அடித்த பந்தை மஹேல ஜயவர்தன பிடித்தார். அட்டையில் ஓஜாவின் பெயர் முதலில், பிறகு மஹேல, பிறகு முரளி. ஏன் ஓஜா முதலில்? அந்த வரி அவருக்கு நடந்ததைச் சொல்கிறது, அதனால். "ஹீ வொஸ் கோட்" என்பது அங்கே விதியாக வரவில்லை, தேவையாக வருகிறது. இதை விளங்கிய பிள்ளைக்கு மூன்று பக்க விதி தேவைப்படாது.

இன்னொரு உதாரணம். பாஸ்ட் பெர்பெக்ட் என்ற காலம். நடந்து முடிந்த ஒன்றுக்கு முன்பே நடந்து முடிந்த இன்னொன்று. தமிழில் இதற்குத் தனி வடிவம் கட்டாயமில்லை, அதனால் பிள்ளைகளுக்கு இது ஒட்டாது. சுசந்திகா ஜயசிங்கவின் கதையைக் கொடுங்கள். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ், ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007இல் ஒப்புக்கொண்டார். அவரது பதக்கம் பறிக்கப்பட்டது. 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. அந்த வெள்ளி கைக்கு வந்தபோது ஒன்பது வருடங்கள் கடந்திருந்தன. "கடந்திருந்தன" என்ற அந்த இடத்தில் "ஹேட் பாஸ்ட்" வராமல் கதையைச் சொல்லவே முடியாது. அவருக்கு முன்பு நமது நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கம் வென்றிருந்தவர் ஒருவர்தான். 1948 லண்டனில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி பெற்ற டங்கன் வைட். இங்கேயும் "வென்றிருந்தவர்". பிறகு வகுப்பைக் கேளுங்கள்: மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுக்காமல் இருந்திருந்தால்? மூன்றாம் வகை நிபந்தனை வாக்கியம் தானாகவே வாயில் வரும். அதோடு நேர்மையைப் பற்றிய ஒரு பேச்சும் வகுப்பில் எழும். இலக்கணப் பாடத்தில் பிள்ளைகள் தமக்குள் வாதாடுவது எவ்வளவு அபூர்வம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

"கிரிக்கெட் பைத்தியம் ஆண் பிள்ளைகளுக்குத்தானே" என்று கேட்பீர்கள். முழுக்க அப்படி இல்லை. 2024இல் நமது பெண்கள் அணி தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. அதே வருடம் சமரி அத்தபத்து தென்னாபிரிக்காவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 195 ஓட்டங்கள் அடித்தார். பெண் பிள்ளைகள் இந்தப் பந்திகளை விரும்பி வாசிக்கிறார்கள். ஆனால் விளையாட்டே பிடிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஆணிலும் பெண்ணிலும். அவர்களுக்காகத்தான் இரண்டாவது வழி, நமது பண்பாடு.

பண்பாடு என்றதும் மேடை நிகழ்ச்சியை மட்டும் நினைக்க வேண்டாம். பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி, கல்யாண வீட்டுச் சஹன், மருதமுனைக் கைத்தறி, பன்பாய் இழைப்பது, கரைவலை இழுப்பது, பெருநாளுக்குச் செய்யும் வட்டிலப்பம், பொல்லடி, நமது மூத்தம்மாமார் சொன்ன கவிகள். இவை எல்லாமே ஆங்கிலப் பாடத்துக்கான பொருள்தான். விளையாட்டுக்கு ஓர் இலக்கணம் இருப்பதுபோல் இவற்றுக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது.

கஞ்சியை எடுத்துக்கொள்வோம். அரிசி கழுவப்படுகிறது. இஞ்சியும் உள்ளியும் அரைக்கப்படுகின்றன. தேங்காய்ப்பால் கடைசியில் ஊற்றப்படுகிறது. அஸருக்குப் பிறகு பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். யார் கழுவினார் என்பது இங்கே முக்கியமில்லை. அதனால் "த ரைஸ் இஸ் வொஷ்ட்". செய்முறையைச் சொல்லும் பல பந்திகள் நிகழ்காலச் செயப்பாட்டு வினையில் நடக்கும். பிள்ளை நாளைக்கு விஞ்ஞானப் பாடத்தில் ஒரு பரிசோதனையை ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால் இதே வாக்கிய அமைப்புத்தான் கைகொடுக்கும்.

அடுத்தது, மொழிபெயர்க்க முடியாத சொற்கள். சஹனுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்? ஒரு சொல் இல்லை. "பிளேட்" என்றால் பாதிதான் விளங்கும். பலர் சுற்றி இருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு என்று விளக்க வேண்டும். அந்த விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதப் போனால் "விச்", "ஹூ", "வேர்" இல்லாமல் நகர முடியாது. வட்டிலப்பம் என்பது முட்டை, கருப்பட்டி, தேங்காய்ப்பால், ஏலக்காய் சேர்த்து அவிக்கப்படும் ஓர் இனிப்பு. பொல்லடி என்பது ஆண்கள் இரு கைகளிலும் கம்பு பிடித்து, பாட்டுக்கு ஏற்ப ஒருவர் கம்பில் ஒருவர் தட்டி ஆடும் ஆட்டம். ரெலட்டிவ் கிளோஸ் என்று நாங்கள் வாரக்கணக்கில் படிப்பிக்கும் விசயம், தன் வீட்டுச் சாப்பாட்டை வெளியாளுக்கு விளக்கும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது.

இப்போது "மை பேவரிட் ஸ்போர்ட்" கட்டுரைக்கு வருவோம். அதுவும் விளையாட்டுத்தானே, எல்லாப் பாடசாலையிலும் எழுதுகிறார்களே என்று நினைக்கலாம். ஒரு வகுப்பின் கொப்பிகளைத் திருத்திப் பாருங்கள். முப்பத்தைந்து பிள்ளைகளும் ஒரே ஐந்து வரி. எனக்குப் பிடித்த விளையாட்டு கிரிக்கெட். ஓர் அணியில் பதினொரு பேர். அது உடலுக்கு நல்லது. வாழ்நாளில் துடுப்பைத் தொடாத பிள்ளையும் அதையே எழுதியிருக்கும். வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்ததை மனப்பாடம் செய்து இறக்கி வைத்தது. பரீட்சையில் தலைப்பு கொஞ்சம் மாறினால் பிள்ளை நின்றுவிடும். நாங்கள் சொல்வது இதையல்ல. விளையாட்டு நல்லது, பண்பாடு பெருமையானது என்ற வெறும் புகழ்ச்சிப் பந்திகள் எங்களுக்கு வேண்டாம். ஆள், இடம், திகதி, எண்ணிக்கை, நடந்த சம்பவம் உள்ள பந்திகள் வேண்டும். அப்படி இருந்தால்தான் கேள்வி கேட்கலாம், அப்படி இருந்தால்தான் பிள்ளைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

வகுப்பில் இதை எப்படிச் செய்வது என்று சில இளம் ஆசிரியர்கள் கேட்டிருந்தார்கள். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒழுங்குதான், புதிதாக ஒன்றுமில்லை.

முதலில் விசயத்தைப் பற்றித் தமிழில் இரண்டு நிமிடம் பேச விடுங்கள். 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டி பற்றிய பந்தி என்றால், வாப்பாவிடம் கேட்டது, யூடியூப்பில் பார்த்தது எல்லாம் வரட்டும். பிறகு பந்தியை அர்த்தத்துக்காக மட்டும் வாசியுங்கள். யார் நாணயச் சுழற்சியில் வென்றார்? அர்ஜுன. என்ன முடிவு எடுத்தார்? களத்தடுப்பு. அவுஸ்திரேலியா எத்தனை? 241. அரவிந்த எத்தனை? ஆட்டமிழக்காமல் 107, அதோடு மூன்று விக்கெட். அதுவரை உலகக் கிண்ண இறுதியில் இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடிய எந்த அணியும் வென்றிருக்கவில்லை. இதெல்லாம் விளங்கிய பிறகுதான் மூன்றாவதாக இலக்கணத்துக்குப் போக வேண்டும். வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள், எந்தக் காலத்தில் இருக்கின்றன, ஏன் என்று கேளுங்கள். ஐந்தாறு புதிய சொற்களை எடுங்கள், இருபது வேண்டாம். கடைசியாகப் பிள்ளை எழுத வேண்டும். அதே அமைப்பில், ஆனால் தன் விசயத்தை. நமது பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியின் அஞ்சல் ஓட்டத்தை, நேற்றுப் பக்கத்து ஊர்க் கழகத்தோடு நடந்த ஆட்டத்தை, தன் வீட்டு வட்டிலப்பத்தை. கடைசிப் படி இல்லாவிட்டால் முதல் மூன்று படிகளின் பயன் ஒரு கிழமைக்கு மேல் நிற்காது.

இதற்கு ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. "பரீட்சையில் நமது கஞ்சியும் பொல்லடியும் வராதே. தெரியாத விசயத்தைத்தானே பிள்ளை வாசித்து விளங்க வேண்டும்? கிணற்றுத் தவளையாக்கிவிட மாட்டீர்களா?" சரியான கேள்வி. தெரிந்தது தொடக்கம் மட்டுமே, முடிவல்ல. எல்லே பற்றி வாசித்த பிள்ளைக்கு அடுத்த கிழமை பேஸ்போல் கொடுக்கலாம். இரண்டிலும் கட்டையால் அடித்து ஓடுகிறார்கள், எது ஒத்தது, எது வேறு? ஒப்பீட்டுச் சொற்கள் முழுவதும் அங்கே வந்துவிடும். பொல்லடிக்குப் பிறகு நியூசிலாந்து றக்பி அணி ஆட்டத்துக்கு முன் ஆடும் மாவோரி மக்களின் ஹக்கா. நோன்புக் கஞ்சிக்குப் பிறகு அந்த வான்கோழியும் வரட்டும். அப்போது பிள்ளைக்குச் செய்முறைப் பந்தி எப்படி நடக்கும் என்று தெரிந்திருக்கும். புதிதாக இருப்பது வான்கோழி மட்டும்தான். ஒரு நேரத்தில் ஒரு புதுமை என்றால் எந்தப் பிள்ளையும் சுமக்கும்.

பரீட்சைக்கு அப்பாலும் ஒரு விசயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இந்த நாட்டின் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பில் எழுதி வைத்தது. தமிழ் பேசும் நம் பிள்ளையும் சிங்களம் பேசும் பிள்ளையும் பல்கலைக்கழகத்தில், அலுவலகத்தில் சந்திக்கும்போது நடுவில் நிற்கப் போகும் மொழி பெரும்பாலும் இதுதான். அங்கே அவன் பனி மனிதனைப் பற்றிப் பேசப் போவதில்லை. "நீங்கள் ஏன் எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். "நோன்பு என்றால் தண்ணீரும் குடிக்க மாட்டீர்களா?" என்று கேட்பார்கள். நம்மைப் பற்றி எத்தனையோ பேர் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள், சிலது சரி, சிலது பிழை. நம் பிள்ளைக்கு அந்த இரண்டு கேள்விக்கும் நான்கு வரியில் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தெரியாவிட்டால், அந்தப் பதிலையும் வேறு யாராவதுதான் சொல்வார்கள். அதைச் சொல்லப் பழகும் இடம் தரம் 8 வகுப்பறை.

ஆகவே ஊராரிடம் சில வேண்டுகோள்கள்.

விளையாட்டுக் கழகங்களுக்கு: அடுத்த சுற்றுப்போட்டியின் அறிவித்தலைத் தமிழோடு ஆங்கிலத்திலும் போடுங்கள். அதை எழுத சாதாரண தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அறிவித்தல் எழுதுவது அவர்களின் பாடத்திலேயே இருக்கிறது. ஒலிபெருக்கியில் ஐந்து ஓவருக்கு ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் வர்ணனை செய்யட்டும். பிழை விட்டால் சிரிக்க வேண்டாம், அது மட்டும் போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு, முன்பு அரச அலுவலகங்களில் ஆங்கிலத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு: நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். ஊரின் பழைய உதைபந்தாட்ட அணி, அந்தக் காலத்துக் கல்யாணம், வயல் அறுவடை, எதுவானாலும். எளிய ஆங்கிலமாக, நூற்றைம்பது சொல்லுக்குள். கேள்விகளையும் பயிற்சிகளையும் நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம்.

கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் சகோதரர்களுக்கு: காசு கேட்கவில்லை. கிழமைக்கு ஒரு முறை உங்கள் பிள்ளையிடம் வாட்ஸ்அப்பில், நடந்த ஆட்டத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நிமிடக் குரல் பதிவு. வாப்பாவுக்குச் சொல்வதற்காகப் பிள்ளை தேடிப் படிக்கும் சொல்லை எந்த டியூஷனும் படிப்பிக்காது.

பெற்றோருக்கு: பிள்ளை வீட்டில் புள்ளி அட்டை வாசித்தால், கிரிக்கெட் செய்தியை ஆங்கிலத்தில் பார்த்தால், "விளையாட்டைப் பார்க்காமல் படி" என்று உடனே பறித்துவிடாதீர்கள். வாசித்ததில் மூன்று சொல்லுக்கு அர்த்தம் கேளுங்கள். சொன்னால் அது படிப்புத்தான்.

ஆங்கில ஆசிரியர்களாகிய நாங்கள் எங்கள் பங்குக்கு இருபது பந்திகளைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறோம், பத்து விளையாட்டு, பத்து நமது வாழ்க்கை. எந்தப் பாடசாலை ஆசிரியரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், இன்ஷா அல்லாஹ். எந்தத் தலைப்பு சேர வேண்டும், எது வேண்டாம் என்று கீழே எழுதுங்கள். கரைவலை பற்றியும் பன்பாய் பற்றியும் எழுத விபரம் தெரிந்த பெரியவர்கள் உடனடியாகத் தேவை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு மூத்தப்பாவோ மூத்தம்மாவோ இருந்தால், பிள்ளைகளைக் கொப்பியோடு அனுப்பி வைக்கிறோம், கொஞ்சம் நேரம் கொடுங்கள்.